கண்காணிக்குச் சொன்ன சொல்

திருவிருந்துக்கு முன்னால் பெயர் கொடுக்கும் வழக்கம் எங்கள் சபைகளில் இப்போது இல்லை. வருகிறவர்கள் வருகிறார்கள், முழங்கால் போடுகிறார்கள், அப்பமும் திராட்சரசமும் வாங்கிக்கொண்டு போகிறார்கள். சென்ற மாதம் ஓய்வுபெற்ற போதகர்கள் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச்சு வந்தது. "அந்தக் காலத்துல ஒரு கட்டுப்பாடு இருந்துச்சு, இப்ப எல்லாம் போச்சு" என்று ஒருவர் பெருமூச்சு விட்டார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "அந்தக் கட்டுப்பாட்டுல நீங்க எங்க உக்காந்திருந்தீங்க? நாற்காலியிலயா, நாற்காலிக்கு எதிர்லயா?" என்று கேட்டேன். காபி வந்தது, பேச்சு வேறு பக்கம் போயிற்று. எனக்கு மட்டும் ஆறவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

நான் போதகராவதற்கு முன்னால், போதகருக்குக் கீழே சபையைக் கவனிக்கும் உபதேசியாராக இருந்தவன். படிப்பு, பயிற்சி, அங்கே சாப்பிட்ட களி, இவற்றையெல்லாம் எழுதினால் எனக்கே தூக்கம் வரும். ஐம்பதுகளின் நடுவில் பொன்மலைக் கிளைச் சபையில் என்னைப் போட்டார்கள். ரயில்வே ஒர்க்‌ஷாப் சங்கு ஊதினால் ஊரே எழுந்திருக்கும் இடம். சபையில் பாதிப் பேர் ஒர்க்‌ஷாப்காரர்கள். எனக்கு மேலதிகாரி ஆசீர்வாதம் ஐயர். எங்கள் சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் அழைப்போம். அதைச் சாதிப் பெயராக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆசீர்வாதம் ஐயரைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது. இதை நான் கிண்டலாக எழுதவில்லை. திருச்சியிலிருந்து சைக்கிளில் வருவார். மழையானாலும் வருவார். காலையில் கேழ்வரகுக் கஞ்சி, குடித்த பாத்திரத்தைத் தானே கழுவி வைப்பார். சம்பளத்தில் பாதி யாராவது ஒரு விதவையின் வீட்டுக்குப் போய்விடும். நான் அவரோடு இருந்த காலம் முழுவதும் அவர் குரல் உயர்ந்து கேட்டதில்லை. யாரையும் "நீ" என்று சொன்னதில்லை, தோட்டக்காரரைக்கூட "நீர்" என்றுதான் சொல்வார். ஏதாவது ஒரு விஷயத்தில் நமக்கு மாற்றுக் கருத்து இருந்தால் கண்களை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்பார். நடுவில் ஒரு வார்த்தை குறுக்கிட மாட்டார். நாம் முடித்ததும் கண்களைத் திறந்து, மிகவும் அன்பாக, "சரி, கேட்டுக்கிட்டேன். முதல்ல சொன்னபடியே செய்வோம்" என்பார். கேட்டவர் சந்தோஷமாகத்தான் வெளியே வருவார். படியிறங்கிப் பாதி வழி போன பிறகுதான் தான் கேட்டது எதுவும் கிடைக்கவில்லை என்பது அவருக்கு உறைக்கும்.

திருவிருந்து ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம் பெயர் கொடுக்க வேண்டும். கோயிலின் பக்கத்து அறையில் ஐயர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். நான் கதவருகே நின்று ஒவ்வொருவராக உள்ளே அனுப்புவேன். ஒரே மாதிரி கேள்விகள்தான். ஜெபம் பண்ணுகிறீரா? பாவத்துக்காக வருத்தப்படுகிறீரா? யாரோடாவது மனத்தாங்கல் உண்டா? முதல் இரண்டுக்கும் எல்லோரும் மளமளவென்று பதில் சொல்லிவிடுவார்கள். மூன்றாவதில்தான் தடுமாறுவார்கள். மனத்தாங்கல் உண்டு என்று சொன்னால் விட மாட்டார். போய், அந்த ஆளைக் கையோடு அழைத்துவந்து, இருவரும் அவர் முன்னால் சமாதானமாக வேண்டும். இல்லாவிட்டால் இருவருக்கும் திருவிருந்து கிடையாது. குழாயடியில் குடத்தால் அடித்துக்கொண்ட இரண்டு அம்மாக்கள் அந்த அறையில் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுததை நான் பார்த்திருக்கிறேன்.

எல்லோரும் போன பிறகு என்னையும் கேட்பார். அதற்குப் பிறகு நடப்பதுதான் விசேஷம். ஐயர் எழுந்து, என்னைத் தன் நாற்காலியில் உட்காரச் சொல்லி, கைகளைக் கட்டிக்கொண்டு என் முன்னால் நிற்பார். "கேளும்" என்பார். அவர் மற்றவர்களைக் கேட்ட அதே கேள்விகளை நான் அவரைக் கேட்க வேண்டும். முதல் தடவை எனக்கு நாக்கு எழவில்லை. வேறு எந்த ஐயரும் இப்படிச் செய்து நான் கண்டதுமில்லை, கேட்டதுமில்லை. யாரோடாவது மனத்தாங்கல் உண்டா என்று கேட்பேன். ஒவ்வொரு முறையும் தெளிவாக, "இல்லை" என்பார். இவர் பரிசுத்தவான் என்று அன்றைக்கு என் மனைவியிடம் போய்ச் சொன்னேன்.

திங்கட்கிழமைகளில் உபதேசியார்களுக்குக் கிரேக்கம் சொல்லித்தருவார். வேதத்தை மூலத்தில் படிக்காதவன் பிறர் மென்று கொடுத்ததைத் தின்கிறவன் என்பது அவர் கட்சி. பவுல் தீத்துவுக்கு எழுதும்போது, சபையின் கண்காணி, அதாவது மேய்ப்பனாக இருக்கிறவன், எப்படிப்பட்டவனாக இருக்கக்கூடாது என்று ஒரு வரிசை போடுகிறார். முன்கோபி, குடிக்கிறவன், அடிக்கிறவன், பண ஆசைக்காரன் என்று போகும் அந்த வரிசையில் முதலாவதாக நிற்கும் சொல் அவ்தாதேஸ். நம் பழைய வேதாகமம் அதைத் தன் இஷ்டப்படி செய்கிறவன் என்கிறது. புதிய ஏற்பாட்டில் இன்னும் ஒரே ஒரு இடத்தில், பேதுருவின் நிருபத்தில், கள்ளப் போதகர்களைப் பற்றிப் பேசும்போது அதே சொல் வருகிறது. அங்கே அகங்காரி என்று தமிழில் போட்டிருக்கிறார்கள். ஐயருக்கு இரண்டிலும் திருப்தி இல்லை.

"அகங்காரின்னா நெஞ்சை நிமித்திக்கிட்டுத் திரிகிறவன்னு நினைச்சுக்குவீர்கள். இது வேறே" என்றார். "இந்தச் சொல்லைப் பிரிச்சா 'தான்' ஒரு பாதி, 'இன்பம்' ஒரு பாதி. தனக்குத் தானே இன்பமா இருக்கிறவன். அவன் சாதுவாக்கூட இருப்பான். மத்தவன் சொல் அவனுக்குள்ளே போகாது, அவ்வளவுதான்." கரும்பலகையில் அழகாக எழுதிக் காட்டினார். இதைவிடத் தெளிவாக அந்தச் சொல்லை இன்றுவரை எனக்கு யாரும் விளக்கியதில்லை.

இனி ஞானமுத்து விஷயத்துக்கு வருகிறேன். ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். கோயிலில் கனத்த குரலில் பாடுகிறவர். அவர் வராத ஞாயிற்றுக்கிழமை பாட்டுக்கு அடித்தளமே இல்லாதது மாதிரி இருக்கும். மனைவி தங்கம் இளவயதிலேயே காலமாகிவிட்டார். அவர் கல்லறைக்குக் கல் வைத்தபோது ஞானமுத்து ஒரு காரியம் செய்தார். கல்லைப் பெரிதாக எடுத்து, ஒரு பாதியில் தங்கத்தின் பெயரையும், மறுபாதியில் தன் பெயரையும் பிறந்த வருஷத்தையும் வெட்டச் சொல்லி, இறந்த தேதிக்கு இடம் விட்டுவைத்தார். "பின்னாடி யாருக்கும் சிரமம் வேணாம் பாருங்க. தேதி மட்டும் வெட்டிக்கட்டும்" என்று சிரித்தார். பக்கத்துக் குழிக்கான இடத்தையும் முறைப்படி சபையில் கேட்டு வாங்கியிருந்தார். ஒரே மகள் லில்லி. பள்ளிக்கூட டீச்சர்.

லில்லி ஸ்ரீரங்கத்துப் பையன் வரதனைக் கல்யாணம் செய்துகொண்டாள். வரதன் ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா. பெருமாள் கோயில் கைங்கரியக் குடும்பம். அவன் தகப்பனார் சீனிவாச அய்யங்கார் மகனைத் தலைமுழுகிவிட்டதாகச் சொல்லிவிட்டார். கல்யாணம் ரிஜிஸ்தர் ஆபீஸில் நடந்தது. ஞானமுத்து போய்ச் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். அதுதான் அவர் செய்த குற்றம். இரண்டு பேரும் ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் பக்கம் ஒரு போர்ஷனில் குடியேறினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஞானமுத்து பஸ் ஏறி, காவிரிப் பாலம் தாண்டி, மகள் வீட்டுக்குச் சாப்பிடப் போவார். மறைத்துச் செய்ய அவருக்குத் தெரியாது.

எங்கள் சபையில், கிறிஸ்தவரல்லாதவரோடு நடக்கும் கல்யாணத்துக்குத் துணை நிற்கிறவர்களைத் திருவிருந்திலிருந்து விலக்கிவைப்பது அன்று வழக்கம். திரும்பச் சேர வேண்டுமானால் ஒரு ஞாயிறு, முதல் பாட்டு முடிந்ததும், சபைக்கு முன்னால் எழுந்து நின்று, தவறு செய்தேன், மன்னியுங்கள் என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அன்றே முடிந்தது. ஐயர் அவரைக் கூப்பிட்டுப் பேசியபோது நானும் சபைக் கமிட்டிக்காரர்களும் இருந்தோம்.

"ஒரு நிமிஷ வேலை, ஞானமுத்து. எழுந்து சொல்லிட்டு உட்காரும்" என்றார் ஐயர்.

"அய்யா, நான் செஞ்சது தப்புன்னு எனக்குத் தோணலைங்க. புள்ளைக்குத் தகப்பன்னு ஒருத்தன் நிக்கணும்ல, அதான் நின்னேன். தோணாததை எப்படிங்க கோயில்ல நின்னு சொல்றது? அது பொய் ஆயிடுமே."

கமிட்டிக்காரர்கள் ஐயரைப் பார்த்தார்கள். "விட்டுடலாம்ங்க அய்யா, நல்ல மனுஷன்" என்று அவர்களில் மூத்தவர் மெதுவாகச் சொன்னார். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். ஐயர் கண்களை மூடி எல்லாவற்றையும் கேட்டார். பிறகு முதலில் சொன்னபடியே செய்தார். வெளியே வந்தபோது என்னிடம் வருத்தத்தோடு, "அன்னைக்குப் படிச்சோமே, அவ்தாதேஸ். இதோ, கண் முன்னாலே பார்க்கிறீர்" என்றார். ஞானமுத்து அதற்குப் பிறகும் ஒரு ஞாயிறு தவறாமல் வந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். மற்றவர்கள் திருவிருந்துக்கு முன்னால் போகும்போது கால்களை மடக்கி அவர்களுக்கு வழி விடுவார்.

இப்படியே நாள் போயிற்று. பிறகு அவருக்கு நெஞ்சில் நோய் கண்டது. தனியாக இருக்க முடியாமல் மகள் வீட்டுக்குப் போனார். இனி எழுந்திருக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னதும் லில்லி எனக்குச் சொல்லி அனுப்பினாள். அப்பா திருவிருந்து கேட்கிறார் என்றாள். நான் ஐயரிடம் சொன்னேன். உடனே கிளம்பினார். வெயில் என்றால் வெயில், அப்படியொரு வெயில். வியாதிக்காரர்களுக்குத் திருவிருந்து கொடுப்பதற்கென்று ஒரு சிறிய மரப்பெட்டி உண்டு. அதை நான் மடியில் வைத்துக்கொண்டு சைக்கிளின் பின்னால் உட்கார்ந்திருந்தேன். மிதித்தது அவர்தான். நான் எவ்வளவு சொல்லியும் இறங்கிக்கொடுக்கவில்லை.

ஞானமுத்து எலும்பும் தோலுமாகக் கிடந்தார். ஐயர் கட்டிலில் உட்கார்ந்து அவர் முகத்தைத் தன் துண்டால் துடைத்தார். தண்ணீர் புகட்டினார். ஜெபம் பண்ணினார், பண்ணும்போது அழுதார். பிறகு குனிந்து, "கோயிலுக்கு வர வேணாம். இங்கேயே சொன்னாப் போதும். உபதேசியார் சாட்சி. சொல்லுகிறீரா?" என்றார்.

ஞானமுத்துவுக்கு மூச்சு இழுத்தது. "வேற என்ன வேணா சொல்றேங்க அய்யா" என்றார். "எனக்குக் கோவம் வந்திருக்கு, சொல்றேன். குடிச்சிருக்கேன் ஒரு காலத்துல, சொல்றேன். இதை மட்டும் வேணாம். அந்தப் புள்ள வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டு இருக்கு பாருங்க."

லில்லி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஐயர் கொஞ்ச நேரம் கண்களை மூடியிருந்தார். இன்று கொடுத்துவிடுவார் என்று நான் நம்பினேன். அவர் கண்களைத் திறந்து, ஞானமுத்துவின் நெற்றியில் கை வைத்து ஆசீர்வதித்துவிட்டு, பெட்டியை எடுத்துக்கொள்ளும்படி எனக்குச் சைகை காட்டினார். பெட்டியைத் திறக்கவே இல்லை.

இரண்டொரு நாளில் ஞானமுத்து இறந்துபோனார். விலக்கிவைக்கப்பட்டவருக்குச் சபையின் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்பதும் அன்றைய விதி. ஆனால் அந்த விதியைத் தளர்த்த ஐயருக்கு அதிகாரம் இருந்தது. நான் அவரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒருவர் வந்து நின்றார். திருமண் இட்ட நெற்றி, மேல்துண்டை இடுப்பில் கட்டியிருந்தார். சீனிவாச அய்யங்கார். மகன் வீட்டு வாசலைக்கூட மிதிக்காதவர், அன்று அங்கே போய்விட்டு நேராக எங்களிடம் வந்திருந்தார். ஐயர் எழுந்து நாற்காலியைக் காட்டினார். அவர் உட்காரவில்லை.

"அடியேன் ஒரு பிரார்த்தனையோட வந்திருக்கேன்" என்றார். "ஸ்வாமிக்குத் தெரியாதது இல்லை. என் பிள்ளை பண்ணினதுல எனக்கு இன்னிக்கும் சம்மதம் கிடையாது. வைராக்கியமா இருந்தேன். ஆனா அவர் பரமபதிச்சுட்டார். ஆம்படையாள் பக்கத்துல இடம் வாங்கி வெச்சிருக்காராமே. அந்த இடத்தை அனுக்ரஹம் பண்ணணும். நான் வேணும்னா உங்க கோயில்ல வந்து நின்னு, என் பிள்ளையாலதான் இத்தனையும்னு சொல்றேன்."

வைணவப் பெரியவர்களுக்கே சொல்லும் பரமபதிச்சுட்டார் என்ற சொல்லை அவர் ஒரு ஒர்க்‌ஷாப் ஃபிட்டருக்குச் சொன்னார். ஐயர் அவரைக் கைகூப்பி வணங்கினார். "பெரியவர் இவ்வளவு தூரம் வந்தீங்களே" என்று மனமுருகிச் சொன்னார். மோர் கொடுக்கலாமா என்று கேட்டார். இடம் மட்டும் முடியாது என்றார்.

அய்யங்கார் போன பிறகு நான் பொறுக்க மாட்டாமல் பேசினேன். "அய்யா, அந்தச் சொல்லை ஞானமுத்துவுக்குச் சொன்னீங்க. ஆனா பவுல் அதைக் கண்காணிக்குத்தான் சொன்னாரு. பேதுருவும் போதகரைப் பத்தித்தான் சொன்னாரு. ரெண்டு இடத்துலயும் மேய்ப்பனுக்குத்தானுங்களே சொல்லியிருக்கு? ஆட்டுக்கு எங்கயும் சொல்லலையே?"

அவர் கண்களை மூடிக் கேட்டார். திறந்தபோது அவர் முகத்தில் உண்மையான சந்தோஷம் தெரிந்தது. "நல்ல கவனிப்பு. இத்தனை வருஷத்திலே எனக்கே இது தோணலை. நீர் மேலே படிக்கணும், நான் எழுதிக் கேட்கிறேன்" என்றார். பிறகு, "அடக்க விஷயத்திலே முதல்ல சொன்னபடியே செய்வோம்" என்றார்.

மற்றச் சபைக்காரர்களிடம் இடம் கேட்டோம், அவர்கள் இன்னொரு சபையின் தீர்ப்பில் தலையிடத் தயங்கினார்கள். கடைசியில் கொள்ளிடக் கரையில், கேட்பாரற்ற பிணங்களைப் புதைக்கும் இடத்தில் குழி வெட்டினோம். ஒர்க்‌ஷாப் ஆட்கள் தூக்கி வந்தார்கள். நான் அங்கி போடாமல், வேட்டி சட்டையோடு நின்று அடக்க ஜெபத்தை வாசித்தேன். மணல் சரிந்து சரிந்து குழிக்குள் விழுந்துகொண்டிருந்தது. அய்யங்கார் தள்ளி நின்றார். எல்லாம் முடிந்ததும் ஆற்றில் இறங்கி முழுகிவிட்டு, ஈரத்தோடு வந்து, லில்லியை முதன்முதலாக "அம்மா, வா" என்று அழைத்துப் போனார். பாடுவதற்கு எங்களில் ஒருவருக்கும் குரல் வரவில்லை. பாடக்கூடியவரைத்தான் புதைத்துவிட்டோமே.

அடுத்த திருவிருந்துக்குப் பெயர் கொடுக்கும் சனிக்கிழமை வந்தது. எல்லோரும் போன பிறகு என் முறை. ஐயர் வழக்கம்போல் கேட்டார். ஜெபம் பண்ணுகிறேன் என்றேன். பாவத்துக்காக வருத்தப்படுகிறேன் என்றேன்.

"யாரோடாவது மனத்தாங்கல் உண்டா?"

"உண்டுங்க அய்யா. உங்களோடதான்."

அவருடைய சட்டப்படி, இருவரும் அங்கேயே பேசிச் சமாதானமாக வேண்டும். இல்லாவிட்டால் இருவருக்கும் திருவிருந்து இல்லை. குழாயடி அம்மாக்களை அப்படித்தான் சமாதானமாக்கினார். அவர் என்னைக் கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெளியே போ என்று கத்தியிருந்தால்கூட நான் அவர் காலைப் பிடித்திருப்பேன். அவர் தலையை மெல்ல ஆட்டினார். "சரி, கேட்டுக்கிட்டேன். இந்தத் தரம் உம்ம பேர் வேணாம்" என்றார். பிறகு எழுந்தார். நாற்காலியை எனக்குக் காட்டினார். என் முன்னால் வந்து கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"கேளும்" என்றார்.

உட்கார்ந்தேன். முதல் இரண்டு கேள்விகளையும் எப்படிக் கேட்டேன் என்று நினைவில்லை. மூன்றாவதைக் கேட்டேன். யாரோடாவது மனத்தாங்கல் உண்டா?

"இல்லை" என்றார்.

முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்கிற முகம் இல்லை. அவருக்கு என்மேல் வருத்தமில்லை, ஞானமுத்துவின்மேலும் இருந்ததில்லை. நான் சற்று முன் சொன்னது அவர் காதில் விழுந்தது, உள்ளே எங்கேயும் போய்ச் சேரவில்லை. கரும்பலகையில் அவர் எழுதிக் காட்டியது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. மறுநாள் காலையில் அவர் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தார். நான் கடைசி பெஞ்சில், ஞானமுத்துவின் இடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்ச நாளில் என்னை மருங்காபுரிப் பக்கம் மாற்றினார்கள். வானம் பார்த்த பூமி, சபையென்று பத்து வீடு. அதைத் தண்டனை என்று நினைத்தேன். ஆனால் மேல்படிப்புக்கு ஐயர் சிபாரிசு எழுதியதாகப் பிற்பாடு தெரிந்தது. சொன்ன சொல்லை அவர் மீறுகிறவர் இல்லை. அந்தச் சிபாரிசில்தான் நான் போதகரானேன். அறுபதுகளின் கடைசியில் பொன்மலையும் அடங்கிய அதே சேகரத்துக்கு, அதாவது சபைத் தொகுதிக்கு, நானே ஐயராக வந்து சேர்ந்தேன். அவர் அப்போது ஓய்வு பெற்று, காட்டூரில் மகன் வீட்டில் இருந்தார். நான் வந்த வருஷமே காலமானார். அடக்கம் செய்தவன் நான்தான். கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. அவருடைய எளிமை, பொறுமை, கொடுக்கும் கை எல்லாவற்றையும் பற்றிப் பேசினேன். ஒன்றும் பொய்யில்லை. தங்கத்தின் கல்லுக்கு இரண்டு வரிசை தள்ளி அவரைப் புதைத்தோம்.

அதற்குப் பிறகு ஞானமுத்துவின் விலக்கத்தை நீக்கும்படி கமிட்டியைக் கேட்டேன். ஒரே மனதாக நீக்கினார்கள். எலும்புகளை எடுத்து வந்து தங்கத்தின் பக்கத்தில் வைக்கலாம் என்று கொள்ளிடக் கரைக்குப் போனேன். இடையில் வந்த வெள்ளத்தில் கரை அறுத்துக்கொண்டு போயிருந்தது. எந்த இடம் என்று எனக்கே தெரியவில்லை. கல்லில் தேதியாவது வெட்டிவிடலாம் என்று லில்லியைப் பார்க்கப் போனேன். மாமனார் வீட்டில்தான் இருந்தாள். தலையில் நரை தெரிந்தது. வந்த காரியத்தைச் சொன்னேன்.

"வேணாங்க அய்யா" என்றாள். "தேதி வெட்டினா அப்பா அங்க இருக்கார்னு ஆயிடும். கோயில்ல நின்னு பொய் சொல்ல மாட்டேன்னுதானே அவர் வெளிய நின்னாரு. அவர் பேருல கல்லு மட்டும் பொய் சொல்லணுமா?"

நான் எழுந்து வந்துவிட்டேன்.

ஓய்வுபெற்றவர்கள் கூட்டம் முடிந்த மறுவாரம் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். கல் அப்படியே இருக்கிறது. தங்கத்தின் பெயர், அவருடைய இரண்டு தேதிகள். பக்கத்தில் ஞானமுத்து, பிறந்த வருஷம், ஒரு சின்னக் கோடு, அதற்கப்புறம் வெறும் கல். காவல்காரர் புதிதாக வந்தவர். நான் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்துப் பக்கத்தில் வந்தார். "இந்தப் பெரியவர் இன்னும் இருக்காருங்களா அய்யா? தேதி போடாம கெடக்கே" என்று கேட்டார்.

கேட்டது நியாயமான கேள்விதான். "இல்லை" என்ற அந்த ஒரு சொல் எனக்கு வாயில் வரவில்லை.